முகப்பைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்

கனடாவில் மார்க்கம், ஸ்காபரோ பக்கம் பழைய வீடு வாங்கியவர்களிடம் "உங்கள் ஃபயர்பிளேஸ் விறகா, காஸா?" என்று கேட்டால் பலருக்குப் பதில் வராது. "விற்றவர் விறகு என்றுதான் சொன்னார்" என்பார்கள். செங்கல் முகப்பை எதன்மேலும் ஒட்டலாம். உள்ளே கிடக்கும் கட்டைகளும் பீங்கானாக இருக்கலாம்.

முதலில் வெளியே போய்ப் பாருங்கள். பக்கச் சுவரில் தகரப் பெட்டிபோல ஒன்று துருத்திக்கொண்டிருந்தால், அநேகமாக அது டைரக்ட் வென்ட் காஸ். எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையையும் அங்கேயே தள்ளும். முன்கண்ணாடி இறுக மூடியிருக்கும். கோடையிலும் உள்ளே சிறு நீலச்சுடர் தெரிந்தால், பற்றவைக்கும் பைலட் சுடர் அணையாமல் எரிகிறது என்று அர்த்தம். புகை போக வழியே இல்லாமல் பிளக் மட்டும் இருந்தால் மின்சாரம். அதோடு விஷயம் முடிந்தது.

கூரையில் புகைபோக்கி இருந்தால்தான் சிக்கல். அடுப்பு நன்றாக ஆறியபின் தலையை உள்ளே விட்டு டோர்ச் அடியுங்கள். ஒவ்வொரு கல்லுக்கும் இடையில் சாந்து தெரிந்தால் கட்டிய அடுப்பு. செங்கல் கோடு பதித்த பெரிய பலகைகள் மூலையில் மட்டும் சந்தித்து, மேலே உலோகக் குழாய் தெரிந்தால், அது தொழிற்சாலையில் செய்து வந்த பெட்டி. இதற்கு அந்த மாடலுக்கு அனுமதித்த கதவும் குழாயும்தான் போடலாம்.

புகைபோக்கி வாயை மூடும் தட்டில் ஒரு சிறு இரும்புக் கவ்வி மாட்டியிருக்கிறதா? தரையிலோ சுவரிலோ சாவி போட்டுத் திருகும் ஓட்டை இருக்கிறதா? அப்படியானால் விறகு அடுப்புக்குள் பிறகு காஸ் கட்டை வைத்திருக்கக்கூடும். குளிர்காற்று வருகிறதென்று அந்தக் கவ்வியைக் கழற்றவே கூடாது. தட்டு முழுதாக மூடினால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும். அந்தக் கட்டைகள்மேல் விறகு போட்டு எரிப்பதும் ஆபத்து.

இவ்வளவு பார்த்தும் சந்தேகமா? தொழிற்சாலைப் பெட்டி என்றால் பெரும்பாலும் கீழ்க் கிறில்லுக்குப் பின்னால் மாடல் எண் பொறித்த உலோகத் தகடு இருக்கும். கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். காஸ் என்றால் உரிமம் பெற்ற தொழில்நுட்பரைக் கூப்பிடுங்கள். விறகு என்றால் காப்புறுதி நிறுவனம் பெரும்பாலும் வெட் (WETT) எனப்படும் விறகு அடுப்புப் பரிசோதனை அறிக்கை கேட்கும். கேட்கும்வரை காத்திராமல், முதல் குளிருக்கு முன்பே செய்துவிடுங்கள்.