தகப்பன் இல்லாத வீடு

ஏழைக் குடும்பத்தைக் குறை கூறுவோர் பலர். அக்குறை எங்கே பிறந்தது என்று கேட்போர் சிலரே. இதற்கு அமெரிக்க நாட்டில் நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு.

1965ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தொழிலாளர் துறையின் உதவிச் செயலாளராயிருந்த டேனியல் பாட்ரிக் மாய்னிஹன் கறுப்பினக் குடும்பங்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். வேலையின்மையையும் அடிமை முறையின் கொடுமையையும் அவர் மறைத்தாரில்லை. எனினும் கேட்டின் நடுவிடமாக அவர் காட்டியது குடும்பத்தின் சிதைவையே. கறுப்பர் வீட்டில் தகப்பன் நிலைப்பதில்லை என்பதே ஊர்ப்பேச்சாயிற்று.

சரி, ஏன் நிலைக்கவில்லை? அலபாமா மாநிலத்தைப் பாருங்கள். வறிய குழந்தைகளுக்கான உதவிப்பணத்திற்கு அங்கே 1964இல் ஒரு விதி செய்தனர். தாயுடன் உறவு கொண்டு ஓர் ஆண் வந்து போனால் அவனே 'மாற்றுத் தகப்பன்'! அவன் ஒரு காசு கொடாவிடினும் குழந்தைகளுக்கு உதவி கிடையாது. 1967 ஜனவரிக்குள் உதவி பெற்ற குழந்தைகளின் தொகை ஏறத்தாழ 16,000 குறைந்தது. செல்மா நகரில் ஸ்மித் என்னும் அம்மையார் நான்கு பிள்ளைகளின் தாய். விடியற்காலை மூன்றரை மணிக்கே சமையல் வேலை. வாரக் கூலி 16 முதல் 20 டாலர். வார இறுதியில் ஒருவர் வந்து போகிறார் என்று 1966 அக்டோபரில் அவருக்கு உதவியை நிறுத்தினர். வந்து போனவருக்கோ சொந்தத்தில் மனைவியும் ஒன்பது பிள்ளைகளும்! ஆண் இருந்தால் பட்டினி, இல்லாவிட்டால் பழி. 1968இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாதென்றது.

இனி மறுபக்கம். 1911இல் இல்லினாய் மாநிலம் தொடங்கிய தாய்மார் உதவித்தொகை மற்ற மாநிலங்களுக்கும் பரவிற்று. பெற்றவர் பெரும்பாலும் வெள்ளையின விதவையர். அவர்கள் வீட்டிலும் தகப்பன் இல்லைதான்! ஆனால் அதைத் தாயின் தொண்டுக்கு அரசு தரும் ஊதியம் என்று ஆதரவாளர் போற்றினர். 1939இல் தொழிலாளரின் விதவையர்க்குக் காப்புறுதிப் பணம் வந்தது. வயற்கூலிகளும் வீட்டு வேலைக்காரரும் அத்திட்டத்திற்குப் புறம்பு. கறுப்பினத் தொழிலாளரில் பெரும்பாலோர் அவ்விரு தொழில்களில்தான் இருந்தனர். ஆகவே ஒரு விதவைக்கு வந்தது உரிமை, மற்றவளுக்கு வந்தது பிச்சை.

காப்புறுதி பெற்றவள் வீட்டுக் கட்டிலடியை எவரும் சோதித்தாரில்லை. உதவிப்பணம் பெற்ற தாய்மாரின் கதவுகளையோ, கலிபோர்னியாவின் அலமீடா வட்டத்தில், 1963 ஜனவரியில் ஒரு ஞாயிறு காலை ஆறரை மணிக்கு அதிகாரிகள் தட்டினர், உள்ளே ஆண் எவரேனும் உளரோ என்று பார்க்க. பென்னி பாரிஷ் என்னும் ஊழியர் அச்சோதனைக்குப் போக மறுத்து வேலையை இழந்தார். 1967இல் மாநிலத்தின் தலைமை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.