கோச்சிங் இல்லாத படிப்பு

நம் சங்க அங்கத்தினர் வீடுகளில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. அவர்களில் சிலர் 'ஏ.ஐ. பாதுகாப்பு ஆராய்ச்சி' என்று பேசுவதைப் பெற்றோர் கேட்டிருப்பீர்கள். "இதற்கு எந்தக் கோச்சிங் நல்லது?" என்று என் தம்பி மகளிடம் கேட்டேன். "பெரியப்பா, இதற்குக் கோச்சிங்கே கிடையாது" என்றாள். விசாரித்துப் பார்த்ததில் அவள் சொன்னது சரிதான்.

முதலில், இந்தப் படிப்பு எதைப் பற்றியது? 2016-ல் ஓப்பன்ஏஐ நிறுவனத்தார் படகுப் பந்தய விளையாட்டு ஒன்றை ஆடக் கம்ப்யூட்டரைப் பழக்கினார்கள். அதிகப் புள்ளிகள் சேர்க்க வேண்டும் என்பதே அதற்கு வைத்த குறி. படகு பந்தயத்தை முடிக்கவேயில்லை. ஓரிடத்தில் வட்டமடித்து, அங்கே திரும்பத் திரும்பத் தோன்றும் இலக்குகளை இடித்தே புள்ளிகளைக் குவித்தது. சொன்னதைச் செய்தது; நினைத்ததைச் செய்யவில்லை. இன்று எத்தனையோ வேலைகளை இத்தகைய இயந்திரங்களிடம் நம்பி ஒப்படைக்கிறோம். அவற்றில் இந்தக் கோளாறு வராமல் காப்பது எப்படி என்பதுதான் ஆராய்ச்சி.

இதற்கு முடிந்த முடிவான பாடப்புத்தகம் இன்னும் இல்லை. ஆகவே, வக்கீலிடம் ஜூனியராகச் சேர்வதுபோல, அனுபவஸ்தர் ஒருவரிடம் இருந்துதான் பழக வேண்டியிருக்கிறது. அதற்கான திட்டங்களில் பெயர் பெற்றது 'மேட்ஸ்'. 2021-ன் இறுதியில் ஸ்டான்ஃபோர்டு தொடர்புடன் தொடங்கி, பெர்க்லி நகரை மையமாகக் கொண்டு நடந்துவருகிறது. சுமார் 10 வாரப் பயிற்சி. கட்டணம் வாங்குவதில்லை, உதவித்தொகை தருகிறார்கள். 2018-ல் தொடங்கிய 'ஏ.ஐ. சேஃப்டி கேம்ப்', 'ஸ்பார்' போன்றவற்றில் வீட்டிலிருந்தபடியே பகுதி நேரமாகச் சேரலாம்.

வழிகாட்டி அப்படி என்னதான் கற்றுத் தருகிறார்? ஓர் உதாரணம் பார்ப்போம். மாணவர் ஒருவர், "இயந்திரம் நம்மிடம் முகஸ்துதி செய்கிறதா?" என்று ஆராய விரும்புகிறார். கேள்வி மிகப் பெரிது, சுருக்கு என்பார் வழிகாட்டி. விடை தெரிந்த கேள்விகளைக் கேட்டு, இயந்திரம் சரியாகச் சொன்ன 100 விடைகளை எடுத்துக்கொள். ஒவ்வொன்றுக்கும், 'இது தவறு என்று எனக்குத் தோன்றுகிறது' என்று மட்டும் சொல். எத்தனை விடைகளை மாற்றிக்கொள்கிறது என்று எண்ணு.

30 விடைகளை மாற்றியது என்று வைத்துக்கொள்வோம். மாணவர் மகிழ்ச்சியோடு ஓடி வருவார். பாடம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. "தவறாகச் சொன்ன விடைகளையும் இதே அளவு மாற்றுகிறதா? முதலிலேயே அரைகுறை நிச்சயத்தோடு சொன்னவைதாம் மாறினவா? மறுப்பே சொல்லாமல் அதே கேள்வியை மறுபடி கேட்டால் எத்தனை மாறும்?" கடைசிக் கேள்விக்கு 28 என்று விடை வந்தால் முகஸ்துதி என்ற முடிவு அநேகமாகப் போயிற்று! ஒரு மாத உழைப்பு வீணாகாமல் ஒரு மணி நேரப் பேச்சு காப்பாற்றிவிடும். அந்த மூன்றாவது கேள்வியைத் தனக்குத் தானே கேட்கப் பழகுவதற்குத்தான் 10 வாரமும்.

சேர்க்கைக்கு மார்க் பட்டியலைவிடச் செய்து காட்டிய வேலையே முக்கியம். வழிகாட்டிகள் சிலர் விண்ணப்பத்தோடு ஒரு சிறு ஆராய்ச்சியையே செய்து அனுப்பச் சொல்கிறார்கள். இடங்கள் சொற்பம், இடம் கிடைக்காதவர்களே அதிகம். பணம் கொடுத்தால் இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லண்டனில் நடக்கும் 'அரீனா' பயிற்சியின் பாடங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, அவற்றிலிருந்து தொடங்கலாம். ஊருக்குப் போகும்போது விசாரிக்க, சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பி. ரவீந்திரன் தலைமையில் 2023-ல் தொடங்கிய பொறுப்பான ஏ.ஐ. ஆய்வு மையமும் இருக்கிறது.

என் தம்பி மகளுக்கு முதல் விண்ணப்பத்தில் இடம் கிடைக்கவில்லை. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. இப்போது மேலே சொன்ன சோதனையைத் தமிழில் செய்து பார்க்கிறாள். விடையில் சந்தேகமே இல்லாத தமிழ்க் கேள்விகள் வேண்டுமாம். நான் 40 எழுதிக் கொடுத்தேன். அதில் 6 சரியில்லை என்று திருப்பித் தந்துவிட்டாள். வாசகர்களும் எழுதி அனுப்பலாம்.