மேடேறும் நீர்ச்சறுக்கு
(அறிவியல் உரைநடை)

நுழையும்முன்

மேட்டிலிருந்து பள்ளத்திற்குப் பாய்வதே நீரின் இயல்பு. அந்நீரில் மிதந்து செல்லும் படகு மேட்டின்மேல் ஏறுமா? ஏறும் என்று பொறியியல் காட்டியுள்ளது. அப்படகு மேடேறும் முறையையும், ஏறிய படகைப் பாதுகாப்பாக இறக்குவதற்குத் தேவையான பொறுமையையும் இப்பாடம் விளக்குகிறது.

1. ஆற்றலின் கணக்கு

சறுக்கின் உச்சியில் நிற்கும் படகு உயரத்தால் நிலையாற்றலைப் பெற்றிருக்கும். அது இறங்கும்போது நிலையாற்றல் இயக்க ஆற்றலாக மாறுகிறது. வழியில் உராய்வால் ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாகிவிடுகிறது. ஆகவே, ஒரு முறை இறங்கிய படகு, புறப்பட்ட உயரத்தைத் தானாக மீண்டும் அடைய இயலாது. நீர்ச்சறுக்குகள் நெடுங்காலம் இறக்கமாகவே அமைந்ததற்கு இதுவே காரணம். படகை மீண்டும் மீண்டும் மேடேறச் செய்ய வேண்டுமாயின், வழியிலேயே அதற்குப் புதிய ஆற்றலை ஊட்ட வேண்டும். அவ்வாறு ஆற்றல் ஊட்டப்படும் நீர்ச்சறுக்கே ‘வாட்டர் கோஸ்டர்’ எனப்படுகிறது.

2. நீரின் விசை, காந்தத்தின் விசை

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ பிரான்ஃபெல்ஸ் நகரிலுள்ள ஷ்லிட்டர்பான் நீர்ப்பூங்கா, 1990களில் இதற்கு ஒரு வழி கண்டது. மேடு தொடங்கும் இடத்தில் குழாய் முனைகள் பொருத்தப்பட்டன. பம்புகளின் அழுத்தத்தால் அவற்றினின்று சீறிப் பாய்ந்த நீர், மிதவையை மேல்நோக்கித் தள்ளியது. நீரே நீரின் இயல்பை வென்றது!

இரண்டாம் வழி காந்தம். இண்டியானா மாநிலத்தின் சாண்டா கிளாஸ் என்னும் சிற்றூரிலுள்ள ஹாலிடே வேர்ல்டு பூங்காவில் 2010ஆம் ஆண்டு ‘வில்டபீஸ்ட்’ திறக்கப்பட்டது. ஏறத்தாழ 521 மீட்டர் நீளமுள்ள அதில், நால்வர் அமரும் படகு முதலில் ஓடும்பட்டை ஒன்றின்மேல் உச்சிக்குச் செல்கிறது. அதன்பின் வரும் மேடுகளில் நேரியல் தூண்டல் மோட்டார்கள் அதனை இழுத்துச் செல்கின்றன. சுழலும் மோட்டாரை வெட்டிப் பிரித்துத் தரையில் நீளமாக விரித்தாற்போன்ற அமைப்பு இது. சறுக்கின் அடியிலுள்ள கம்பிச்சுருள்களில் மின்சாரம் பாயும்போது, முன்னோக்கி நகரும் காந்தப்புலம் தோன்றுகிறது. அப்புலம் படகின் அடியிலுள்ள உலோகத் தகட்டில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அவ்விரண்டுக்கும் இடையே எழும் விசை, தொடாமலே படகை மேலே செலுத்துகிறது. மெல்லிய நீர்ப்படலம் உராய்வைக் குறைத்து உதவுகிறது.

3. எதிர்பார்ப்பு

ஃபுளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ நகரில் 1977இல் தொடங்கிய ‘வெட் அன் வைல்டு’ நீர்ப்பூங்கா 2016ஆம் ஆண்டின் இறுதி நாளில் மூடப்பட்டது. அந்நகரில் ‘வால்கனோ பே’ என்னும் புதிய பூங்கா எழுந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ 61 மீட்டர் உயரமுள்ள செயற்கை எரிமலை சிறிது சிறிதாக உயர்வதை நெடுஞ்சாலையில் சென்றோர் கண்டனர். அம்மலைக்குள் புகுந்து வெளிவரும் காந்த விசைக் கோஸ்டரில் ஏறும் ஆவலும் வளர்ந்தது. 2017 மே 25 அன்று பூங்கா திறக்கப்பட்டது.

புதுமையை எதிர்பார்ப்பது மனித இயல்பு. ஆனால், திறப்பு நாளை முடிவுசெய்ய வேண்டியது ஆவலா, ஆய்வா?

4. தண்டவாளம் இல்லாத பயணம்

தண்டவாளத்தில் ஓடும் ரோலர் கோஸ்டர் வண்டி மேலெழாதவாறு, தண்டவாளத்தின் அடிப்புறத்தையும் சக்கரங்கள் பற்றியிருக்கும். நீரில் செல்லும் மிதவைக்கு அப்பிடிப்பு இல்லை. அதன் எடையே அதனைச் சறுக்கில் இருத்துகிறது. எனவேதான் வேகம், மேட்டின் வளைவு, பயணிகளின் எடை ஆகிய மூன்றையும் கணித்து, பலமுறை சோதித்த பின்னரே மக்களை ஏற்ற வேண்டும்.

கான்சாஸ் மாநிலத்தில் ஷ்லிட்டர்பான் நிறுவனத்தின் மற்றொரு பூங்கா, 2014ஆம் ஆண்டு ‘வெரூக்ட்’ என்னும் சறுக்கைத் திறந்தது. அதன் உயரம் 51 மீட்டர்; அந்நாளில் உலகிலேயே மிக உயரமானது அதுவே. செங்குத்தாக இறங்கும் மிதவையை, இரண்டாம் மேட்டில் நீர்விசை மேலேற்றியது. சோதனையின்போது மணல்மூட்டைகள் தூக்கி எறியப்பட்டன. அதனால் திறப்பு நாள் பலமுறை தள்ளிவைக்கப்பட்டு, சறுக்கும் மாற்றியமைக்கப்பட்டது. அதன் பின்னரும், 2016 ஆகஸ்டில் அந்த இரண்டாம் மேட்டில் மிதவை மேலெழுந்ததால், பத்து வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். சறுக்கு மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. கேளிக்கைக் கருவிகளின் ஆய்வுச் சட்டத்தைக் கான்சாஸ் மாநிலம் கடுமையாக்கியது.

நுழைவாயிலில் எடை பார்ப்பவரும், உயரம் அளப்பவரும், “இன்று இயங்காது” என்று பலகை வைப்பவரும் மகிழ்ச்சியைக் கெடுப்பவர் அல்லர். அவர்கள் அம்மகிழ்ச்சியின் காவலர்கள். புதிய பூங்கா ஒரு மாதம் தாமதமாகத் திறந்தால் இழப்பு சிறிது. சோதனை குறைந்தால் நேரும் இழப்புக்கு ஈடே இல்லை.

சொற்பொருள்

மிதவை – மிதக்கும் கலம்
படலம் – மெல்லிய பரப்பு
ஈடு – இணை, மாற்று
கேளிக்கை – விளையாட்டு, பொழுதுபோக்கு

பயிற்சி

அ. பிரித்து எழுதுக: மேடேறும், அப்படகு, இயக்கவாற்றல்

ஆ. எதிர்ச்சொல் தருக: மேடு, புதுமை, உயரம், தொடக்கம்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ஒரு முறை இறங்கிய படகு பழைய உயரத்தைத் தானாக அடையாதது ஏன்?
2. தொடாமலே படகை மேலேற்றும் விசை எவ்வாறு தோன்றுகிறது?
3. ரோலர் கோஸ்டர் வண்டிக்கும் நீர் மிதவைக்கும் உள்ள வேறுபாடு யாது?

ஈ. “பதறாத காரியம் சிதறாது” என்னும் பழமொழியை இப்பாடத்தோடு பொருத்திப் பத்து வரிகளில் எழுதுக.

உ. நீங்கள் வாழும் ஊரிலோ அருகிலோ உள்ள பூங்காவில் எழுதப்பட்டிருக்கும் பாதுகாப்பு விதிகளுள் ஐந்தினைத் தமிழில் எழுதுக. ஒவ்வொரு விதிக்கும் உரிய காரணத்தை வீட்டிலுள்ள பெரியோரிடம் தமிழிலேயே விளக்கிக் கூறுக.