சம்பளத்துக்கு அடுத்த கேள்வி

அன்பு மருமகளுக்கு,

எல்லவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசைக்கு நேர்முகத்துக்குப் போகப்போவதாக எழுதியிருந்தாய். சம்பளம், சர்வீஸ் சார்ஜ், தங்குமிடம் மூன்றையும் கேட்கப் போகிறாய். வேறு என்ன கேட்க வேண்டும் என்பது உன் கேள்வி. இன்னும் ஒன்று இருக்கிறது. அதை மொட்டையாகச் சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும். அதனால் கொஞ்சம் சுற்றி வருகிறேன்.

முதலில் உன் அம்மாவின் தேயிலைத் தோட்ட வேலையைப் பார். விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். எந்த மலை, எந்த நிரை என்று வேறொருவர் சொல்வார். ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் கூலிக்கு, இத்தனை கிலோ என்று தோட்டம் வைத்திருக்கும். வறட்சியில் கொழுந்து இல்லாதபோது அதைக் குறைப்பதும் குறைக்காததும் நிர்வாகத்தின் விருப்பம். தராசில் சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிக்கிறார்கள் என்று கேட்டால் முறைப்பார்கள். பல வருஷம் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டை எழுதியவன் நான். கிலோ குறைந்து அரைப்பேர் விழுந்த பெண்கள் சத்தம் போட்டதை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். பேசாமல் கூடையை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போய்விடுவார்கள்.

அம்மாவுக்கு முதுகுவலி மலை ஏறுவதால் வந்தது என்கிறாய். சரிதான். ஆனால் இரவில் தூக்கம் வராததற்கு மலையைக் குற்றம் சொல்ல முடியாது. ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979இல் அமெரிக்க, சுவீடன் தொழிலாளர்களின் தரவுகளை வைத்து எழுதியது இதுதான்: பாரம் அதிகமான வேலையும் மனிதரை வளர்க்கும், அதை எப்படிச் செய்வது என்பதில் அவருக்குச் சொல்லுரிமை இருந்தால். பாரம் மிகுந்து சொல்லுரிமை இல்லாத இடத்தில்தான் சோர்வும் மனச்சோர்வும் கூடுகின்றன.

தோட்டத்தை நடத்தும் துரைமாருக்குத்தான் பிரஷர் வரும் என்று தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. லண்டனிலும் அப்படித்தான் நம்பியிருந்தார்கள். அங்கே அரசாங்க உத்தியோகத்தர்களை வைத்து 1967இல் தொடங்கிய ஆய்வு அந்த நம்பிக்கையைக் கவிழ்த்துவிட்டது. கடைசிப் படியில் இருந்த ஆண்கள் இதய நோயால் இறந்த வீதம், உச்சிப் படியில் இருந்தவர்களைப் போல மூன்று மடங்குக்கும் மேல். புகைப்பதையும் இரத்த அழுத்தத்தையும் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் முழுதாகப் போகவில்லை. 1985இல் மைக்கல் மார்மட் தொடங்கிய இரண்டாவது ஆய்வு, தன் வேலையில் தனக்குப் பிடிமானம் இல்லாததும் ஒரு பெரிய காரணம் என்று காட்டியது. அவர்கள் மேசை வேலை செய்தவர்கள். கூடை சுமந்தவர்கள் அல்ல.

இதை வெள்ளைக்காரர் ஆராய்ந்துதான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் இல்லை. 1940இல் பதுளைக்குப் பக்கத்து வேவஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே ஒரு சபையைத் தெரிந்தெடுத்தார்கள். அந்தச் சபையைக் கலந்துகொண்டு நடப்பதாகத் தோட்டத்துரை ஒப்புக்கொள்ளும் நிலை வந்தது. பிறகு பொலிஸ் அடக்குமுறையில் அந்தப் போராட்டம் ஒடுங்கியது. கூலி கேட்டுப் போராடியதை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறோம். கூலியோடு சேர்த்துச் சபையும் கேட்டார்கள் என்பது என் கண்ணில் பெரிய விஷயம். பள்ளிக்கூடத்தில் இதை எனக்குச் சொல்லித்தந்ததாக நினைவில்லை.

பாதுகாப்பும் இந்தச் சொல்லுரிமையில்தான் வந்து சேர்கிறது. குளவிக் கொட்டுக்கு ஆளாகிப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போன செய்தி நம் பக்கத்துப் பத்திரிகைகளில் அடிக்கடி வரும். உயிரே போனதும் உண்டு. பல நேரம் கூடு இருப்பது யாராவது ஒருவருக்கு முன்பே தெரிந்திருக்கும். சொன்னால், “வேலை செய்யாமல் இருக்கச் சாக்குத் தேடுகிறாய்” என்ற பதில் கிடைக்கும் என்பதும் தெரிந்திருக்கும். எமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1990களில் ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை எண்ணினார். நன்றாக இயங்கும் தாதியர் குழுக்களில் பிழை அதிகம் பதிவாகியிருந்தது! காரணம், அங்கே பிழையை வாய்விட்டுச் சொல்லப் பயமில்லை. மற்ற இடங்களில் மறைத்தார்கள். ஒரு தோட்டத்தின் விபத்துப் புத்தகம் வெறுமையாக இருந்தால் நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட மாட்டேன்.

ஆனால் வாய்திறந்து சொல்வது மட்டும் போதாது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரியலாம் என்று 2014க்கு முன்பே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. அவ்வருடம் அக்டோபர் 29ஆம் தேதி காலை லயங்கள் மண்ணுக்குள் போயின. பள்ளிக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பலர் தப்பினார்கள். “சொல்லியும் அந்தச் சனம் போகவில்லையே” என்று கொழும்பில் படித்தவர்கள் சொன்னதைக் கேட்டு எனக்கு ஆத்திரம் வந்தது. சொந்தமாக ஒரு பேர்ச் நிலம் இல்லாதவர் லயத்தை விட்டு எங்கே போவார்? ஆபத்தைத் தெரிவித்துவிட்டு விலகும் வழியைக் கொடுக்காவிட்டால், அந்த எச்சரிக்கை எச்சரித்தவரைத்தான் காப்பாற்றும்.

இனி உன் ஹோட்டல். அங்கே மலை ஏற வேண்டியதும் இல்லை, அட்டையும் இல்லை. ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் வரும் நேரத்தை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு சிரித்த முகமாக நிற்க வேண்டும். இது லேசான வேலை என்று வீட்டில் சொல்வார்கள், நம்பாதே. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து ஆர்லி ஹோக்சைல்ட் 1983இல் எழுதிய புத்தகம், சிரிப்பும் ஓர் உழைப்பு, அதுவும் களைப்பைத் தரும் என்று விளக்கியது. விருந்தினர் ஒருவர் இணையத்தில் ஒரு நட்சத்திரம் குறைத்துப் போட்டால் அன்று யார் தலை உருளும்? குடித்துவிட்டுத் தகாத பேச்சுப் பேசும் விருந்தினரைப் பற்றி நீ முறையிட்டால் முகாமையாளர் யார் பக்கம் நிற்பார்? தெரிய வேண்டியது இவைதான்.

அடுத்தது, நாளைய நிலை. ஜெர்மனியின் யொஹான்னஸ் சீக்ரிஸ்ட் 1996இல், போடுகிற உழைப்புக்குத் திரும்பி வருவது குறைவாக இருந்தால் உடம்பு கெடும் என்று காட்டினார். திரும்பி வருவது என்று அவர் எண்ணியதில் பணம் ஒரு பங்குதான். மதிப்பும், வேலை நிலைப்பும், மேலே போகும் வழியும் மற்றவை. நாட்கூலி 2024இல் 1350 ரூபாய் ஆனது. உயர்ந்தது நல்லதே. ஆனால் முப்பது வருஷம் கொழுந்தெடுத்த பெண் இன்றும் கொழுந்தெடுப்பவள்தான்; அவளை மேற்பார்க்க வருகிறவர் பெரும்பாலும் ஓர் ஆண். எந்தச் சம்பள நிர்ணய சபையும் அதைப் பேசியதாக நான் கேள்விப்படவில்லை.

ஆகவே நீ கேட்க வேண்டியது: “கடைசியாக இங்கே வேலை செய்யும் ஒருவர் ஏதோ சரியில்லை என்று சொன்னபோது என்ன நடந்தது?” நேர்முகத்தில் கேட்கக் கூச்சமாக இருந்தால் சமையலறையில் வேலை செய்யும் ஒரு தங்கச்சியிடம் தனியாகக் கேள். “அந்த அண்ணன் இப்போது இங்கே இல்லை” என்றால் யோசி. “அதற்குப் பிறகு இரவு வேலை முடிந்து போக வேன் போட்டார்கள்” என்றால் சம்பளம் கொஞ்சம் குறைவானாலும் சேர். மேசையில் நின்றவர் யாராவது மேற்பதவிக்குப் போயிருக்கிறாரா என்பதையும் அப்படியே விசாரி.

சில்லறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். ஊழியர் சேமலாப நிதிக்கு உன் சம்பளத்தில் 8 சதவீதம் பிடிப்பார்கள், அவர்கள் 12 போட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு அவர்கள் பங்கு 3. அங்கத்துவ இலக்கத்தை எழுதி வாங்கிக்கொள். வேலைக்குப் போக நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது, தூக்கம் இல்லை என்ற நிலை வந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு அழை. அம்மாவுக்கும் அந்த எண்ணைக் கொடு, அவளுக்கு உன்னைவிட முந்தித் தேவைப்படலாம்.

பண்டாரவளையில் அரசாங்கத்தின் ஹோட்டல் பாடசாலை இருக்கிறது, விண்ணப்பத்தை இப்போதே வாங்கி வை. இந்த வேலையை விட்டால் வேறு கதியில்லை என்ற நினைப்போடு மட்டும் நேர்முகத்துக்குப் போகாதே.

அன்புடன்,
மாமா