கடைசிப் பதினைந்து நிமிடங்கள்



சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் எங்கள் அலுவலகத்தில் நடந்த ஒரு தவற்றை முதலில் சொல்லிவிடுகிறோம். கணவரை இழந்த ஒரு சகோதரி, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவி கேட்டு மனு கொடுத்துவிட்டுப் போனார். அலுவலகம் மூடும் நேரம். "காலையில் பதிந்துகொள்ளலாம்" என்று மேசைமேல் வைத்தோம். மறுநாள் அதன்மேல் வேறு காகிதங்கள் ஏறிக்கொண்டன. ஒன்பது நாள் கழித்து அவர் திரும்பி வந்து, "என் மனு என்ன ஆச்சுங்க?" என்று கேட்ட பிறகுதான் தேடினோம். கட்டணம் கட்டுவதற்கான கடைசி நாள் முந்தைய தினமே முடிந்திருந்தது.

உதவித்தொகையை அன்றே கொடுத்தோம். அபராதத்தை நன்கொடைப் பணத்தில் கட்டக் கூடாது என்று ஊழியர்கள் பகிர்ந்து கட்டினோம். ஆனால் அந்தத் தாய் பட்ட கவலைக்கு எங்களால் ஈடு செய்ய முடியவில்லை.

அன்று எங்களுக்கு வேலை அதிகமில்லை. அன்றைய வேலையை முறையாக முடிக்காமல் எழுந்து போனதுதான் காரணம். அதன்பின், தினமும் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் புதிய வேலை எதையும் தொடங்குவதில்லை என்று முடிவு செய்தோம். அந்த நேரத்தில் நாங்கள் செய்பவற்றைக் கீழே தருகிறோம். கடை, பள்ளி, அலுவலகம் என எங்கே வேலை பார்ப்பவர்களுக்கும் இவை பயன்படும்.

1. மேசையில் உள்ளதைப் பதிவேட்டில் ஏற்றுதல்

அன்று வந்த ஒவ்வொரு மனுவுக்கும் வரிசை எண், தேதி, பொறுப்பாளர் பெயர், கடைசி நாள் ஆகிய நான்கையும் பதிவேட்டில் எழுதிவிடுகிறோம். வாட்ஸ்அப்பில் வந்தவையும் இதில் சேரும். கைப்பேசியில் மட்டும் இருக்கும் மனு, மேசையில் புதைந்த மனுவைவிட எளிதாக மறந்துபோகும்.

2. பணத்தை எண்ணிச் சரிபார்த்தல்

ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையில் உள்ள தொகையும் பெட்டியில் உள்ள பணமும் ஒத்துவர வேண்டும். ஜகாத் பணத்தைத் தனி உறையிலும் பொது நன்கொடையைத் தனி உறையிலும் வைக்கிறோம். ஜகாத்தை அதற்குரிய எட்டு வகையினருக்கு மட்டுமே செலவிடலாம் என்பதால், இரண்டும் கலந்துவிடக் கூடாது. ஐம்பது ரூபாய் குறைந்தால் அன்றே யோசித்துக் கண்டுபிடித்துவிடலாம். மூன்று நாள் போய்விட்டால் யாருக்கும் நினைவிருக்காது. வீண் சந்தேகம்தான் மிஞ்சும்.

3. பிறர் விவரங்களைப் பூட்டி வைத்தல்

ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல், மருத்துவ அறிக்கை எதுவும் இரவில் மேசைமேல் கிடக்கக் கூடாது. உதவி கேட்டு வந்தவரின் வறுமையும் நோயும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். தேவையற்ற நகல்களைக் கிழித்துப் போடுகிறோம். பழைய பேப்பர் கடைக்குப் போனால் அவை வடை மடிக்கும் காகிதமாகி ஊர் முழுக்கச் சுற்றும். கணினியையும் கடவுச்சொல் கேட்கும்படி மூடிவிட்டே எழுகிறோம்.

4. நாளைய வேலையை எழுதி வைத்தல்

முடித்த வேலைகளைவிடப் பாதியில் நின்ற வேலைகளே மனத்தில் அதிகம் நிற்கின்றன என்று புளூமா செய்கார்னிக் என்ற உளவியலாளர் 1927-இல் எழுதினார். பாதியில் நின்ற வேலையை எப்போது, எப்படி முடிப்பது என்று திட்டமிட்டாலே அது மனத்தை அரிப்பது குறைகிறது என்று மாசிகாம்போ, பாமைஸ்டர் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. ஆகவே, "கல்வி உதவி வேலை" என்று பொதுவாக எழுதாமல், "காலை பத்தரைக்குக் கல்லூரி அலுவலகத்துக்குப் போன் செய்து கடைசி நாளைக் கேட்க வேண்டும்" என்று எழுதுகிறோம். மூன்று வேலைகளுக்கு மேல் எழுதுவதில்லை. வீட்டில் பிள்ளைகளோடு உட்காரும்போது அலுவலகம் கூடவே வந்து உட்காராமல் இருக்க இது உதவுகிறது.

5. அடுத்தவருக்கு ஒரு குறிப்பு

நாளை நமக்குக் காய்ச்சல் வந்தால் வேலை நிற்கக் கூடாது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, யாருக்கு என்ன சொல்லியிருக்கிறோம் என்று இரண்டு வரி எழுதிப் பதிவேட்டின் மேல் வைக்கிறோம்.

மூடும் நேரத்தில் ஒருவர் மனுவோடு வந்தால் என்ன செய்வது? திருப்பி அனுப்புவதில்லை. வாங்கிப் பதிந்து, வரிசை எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, எந்த நாளில் வர வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறோம். இதற்கு இரண்டு நிமிடம் போதும்.

நிர்வாகிகளுக்கும் கடை முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தப் பதினைந்து நிமிடம் வேலை நேரத்துக்குள்ளேயே இருக்கட்டும். மஃரிபுக்குள் வீடு சேர வேண்டும், கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று நிற்பவரிடம், நேரம் முடிந்த பிறகு "அடுக்கி வைத்துவிட்டுப் போ" என்றால் நான்கு நாள்கூட நடக்காது.

எங்களாலும் எல்லா நாளும் முழுமையாகச் செய்ய முடிவதில்லை. அப்படிப்பட்ட நாளில் முதல் இரண்டையாவது விடாமல் செய்கிறோம். நீங்களும் இன்று மாலை நாற்காலியை விட்டு எழும் முன் மேசையை ஒருமுறை பாருங்கள். அங்கே கிடக்கும் காகிதத்துக்காக யாராவது எங்கோ காத்துக்கொண்டிருக்கலாம். அதைப் பதிந்துவிட்டு எழுந்திருங்கள்.