பங்கு கிடைத்தால் போதுமா?

புதிய தொழில்களில் முதலிடும் வாய்ப்பு செல்வந்தருக்கு மட்டுமன்றிச் சாதாரண மக்களுக்கும் வேண்டும் என்ற பேச்சு இன்று உலகெங்கும் எழுந்துள்ளது. அன்னை கதீஜா (ரழி) அவர்களின் முதலைக் கொண்டே நபி (ஸல்) அவர்கள் நபித்துவத்துக்கு முன் ஷாம் நாட்டுக்கு வணிகம் சென்றார்கள். ஒருவர் முதலிட, மற்றவர் உழைக்க, இலாபத்தைப் பேசிய விகிதப்படி பிரிப்பதே முழாரபா. நட்டம் வந்தால் முதல் போட்டவர் பணத்தை இழப்பார். உழைத்தவர் உழைப்பை இழப்பார். பங்கு என்பதும் இத்தகையதே. அது கடன் அல்ல. போட்ட பணம் திரும்பும் என்ற உறுதி இல்லை.

இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, தனியார் கம்பனி பொதுமக்களுக்குப் பங்கு விற்க முடியாது. ஊழியர் நீங்கலாகப் பங்குதாரர் 50 பேரை மிஞ்சவும் கூடாது. அமெரிக்காவிலோ 2016 மே மாதம் முதல் எவரும் இணையவழியே சிறு தொகை முதலிடலாம். ஆயினும் வருமானத்துக்கேற்ப ஆண்டு எல்லை உண்டு.

கதவைத் திறந்துவிட்டால் போதுமா? நம் ஊவாத் தோட்டங்களைப் பாருங்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் முகாமைத்துவம் தனியாருக்குச் சென்றது. 1995 முதல் கம்பனிகளின் 51 வீதப் பங்குகள் முதலீட்டாளருக்கு விற்கப்பட்டன. 10 வீதம் தொழிலாளருக்கு இலவசமாக வழங்கப்பட்டது. பசறையிலும் ஹாலிஎலயிலும் கொழுந்து பறித்த கைகள் சட்டப்படி உரிமையாளர் கைகளாயின.

ஆனால் லயத்து வாழ்க்கை அதனால் மாறிவிடவில்லை. காரணம் எளிது. 51 வீதம் ஒரே கையில் இருந்தால் தீர்மானமும் அங்கேதான். 10 வீதம் ஆயிரக்கணக்கானோரிடம் சிதறினால் ஒருவரின் வாக்குக்குப் பலமில்லை. இலாபம் வந்தாலும் பணிப்பாளர் சபை பரிந்துரைத்தால்தான் பங்குலாபம் கிடைக்கும். தேயிலை விலை விழுந்தால் வேலையும் பங்கும் ஒன்றாகவே ஆட்டம் காணும்.

ஆகவே பங்கு வாங்குமுன் நான்கு கேள்விகள்: பணம் எதில் போடப்படுகிறது? கணக்கை யார் சரிபார்க்கிறார்? தேவைப்படும்போது யாரிடம் விற்கலாம்? முழுவதும் போனால் வீடு தாங்குமா? இவற்றுக்கு எழுத்தில் பதில் இல்லையெனில் பணம் கொடுக்கலாகாது. தவணைக் கடனை எழுதிக்கொள்ளும்படி அல்குர்ஆன் (2:282) பணிக்கிறது. பங்குக்கும் அந்த ஒழுங்கு பொருந்தும்.

உம்மா சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தைக் கேட்டு நாளை ஒருவர் பத்திரத்தோடு வாசலுக்கு வரலாம். அதை வாசித்துப் பொருள் சொல்ல வேண்டியவர்கள், படித்த பிள்ளைகளாகிய நாமே.