விண்ணில் ஒரு வெப்பமானி

காய்கறிக் கடையில் உள்ள மின் தராசு, எதுவும் வைக்காதபோது சுழியம் காட்ட வேண்டும். ஒரு கிலோ எடைக்கல்லை வைத்தால் சரியாக ஒரு கிலோ காட்ட வேண்டும். இவ்விரண்டும் சரியாக இருந்தால்தான், இடையில் வரும் முக்கால் கிலோ வெண்டைக்காயின் எடையையும் நம்பலாம். தரையிலிருந்து ஏறத்தாழ 850 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஓர் அளவுகருவியை இவ்வாறு சரிபார்ப்பது எப்படி? அங்கே எடைக்கல்லாக எதைக் கொள்வது?

1978ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்கா டைரோஸ்-என் என்னும் வானிலைச் செயற்கைக்கோளை ஏவியது. அதில் நுண்ணலைக் கதிர்வீச்சுமானி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. வெப்பம் உடைய எப்பொருளும் தன்னிடமிருந்து கதிர்களை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். காற்றில் உள்ள ஆக்சிசன் 50 முதல் 60 ஜிகாஹெர்ட்சு வரையிலான நுண்ணலைகளை வெளிவிடுகிறது. காற்று வெப்பமடையும்போது அவ்வலைகளின் வலிமை கூடும். மேகங்கள் அவற்றைப் பெரிதாகத் தடுப்பதில்லை. எனவே வெப்பமானியே இல்லாத பெருங்கடல்களின் மேலும் காற்றின் வெப்பநிலையை அறிய வழி பிறந்தது.

ஆனால் இந்த அலைகள் மிக மிக மெல்லியவை. கருவி அவற்றைப் பெற்று ஒரு மின் அளவாக மாற்றித் தருகிறது. அந்த எண் வெப்பநிலை ஆகாது. அதை வெப்பநிலையாக மாற்றவே எடைக்கற்கள் தேவைப்படுகின்றன. இக்கருவியின் சுழலும் ஆடி, புவியைப் பதினொரு திசைகளில் நோக்கிய பின், வெறும் விண்வெளியை நோக்கும். விண்வெளியின் வெப்பநிலை 2.7 கெல்வின், அதாவது சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 270 பாகை செல்சியஸ். அது மாறுவதே இல்லை. அடுத்து ஆடி, கருவிக்குள்ளேயே இருக்கும் வெதுவெதுப்பான கரிய இலக்கு ஒன்றை நோக்கும். அந்த இலக்கின் வெப்பநிலையைப் பிளாட்டினம் வெப்பமானிகள் அளந்து சொல்கின்றன. ஒன்று குளிர்ந்த எடைக்கல், மற்றொன்று வெதுவெதுப்பான எடைக்கல். ஏறத்தாழ 26 நொடிக்கு ஒருமுறை இந்தச் சரிபார்ப்பு நடந்தது.

இரண்டு புள்ளிகளை ஒரு நேர்கோட்டால் இணைத்தால் இடைப்பட்ட வெப்பநிலைகள் எல்லாம் கிடைத்துவிடும் என்று தோன்றும். உண்மையில் அக்கோடு சற்றே வளைந்திருக்கும். அவ்வளைவை அறிவதற்காக, ஏவுவதற்கு முன்பே கருவியை வெற்றிட அறையில் வைத்துச் சோதிக்கின்றனர். அப்படியும் சிறு பிழை எஞ்சும். வெயில் படும் அளவு மாறும்போது கருவியின் உடலும் சூடேறிக் குளிர்வதால், அப்பிழையும் அதனுடன் கூடிக் குறையும். ஒரே காலத்தில் பறக்கும் இரு செயற்கைக்கோள்களின் அளவீடுகளை ஒப்பிட்டே இதனைக் கண்டுபிடித்தனர்.

இந்தியாவும் இத்துறையில் பின்தங்கி இருக்கவில்லை. 1979 ஜூன் 7 அன்று ஏவப்பட்ட பாஸ்கரா-1 செயற்கைக்கோளில் சமீர் என்னும் நுண்ணலைக் கதிர்வீச்சுமானி இருந்தது. கருவியின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி அமைத்த பெயர் அது. வடமொழியில் அச்சொல்லுக்குக் காற்று என்றும் பொருள். கடலையும் அதன் மேலுள்ள நீராவியையும் ஆராய்வது அதன் பணியாக இருந்தது.

அமெரிக்கக் கருவிகளின் அளவீடுகளைத் தொகுத்து, ராய் ஸ்பென்சர், ஜான் கிறிஸ்டி என்னும் அறிவியலாளர்கள் 1990இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முதல் பத்து ஆண்டுகளில் காற்றின் வெப்பநிலை தெளிவாக ஏறவுமில்லை, இறங்கவுமில்லை என்றது அது. தரையிலிருந்த வெப்பமானிகளோ புவி வெப்பமடைவதாகக் காட்டின. இரண்டில் எதை நம்புவது? இக்கேள்வி ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. புவி வெப்பமடைதல் பற்றிய விவாதம் நடந்த இடமெல்லாம் எழுந்தது.

1998இல் பிராங்க் வென்ட்ஸ், மத்தியாஸ் ஷேபல் ஆகிய இருவர் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டினர். அவ்வளவு உயரத்திலும் மெல்லிய காற்று உண்டு. அதன் உராய்வால் செயற்கைக்கோள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கீழிறங்கிக் கொண்டிருந்தது. தாழ்ந்த காற்றடுக்கின் வெப்பநிலையைப் பெறுவதற்கு, நேர் கீழே நோக்கிய அளவீடுகளிலிருந்து சாய்வாக நோக்கிய அளவீடுகளைக் கழிப்பது வழக்கம். செயற்கைக்கோள் தாழும்போது சாய்வு குறைகிறது. பார்வை, அடியில் உள்ள வெப்பமான காற்றை மேலும் எட்டுகிறது. கழிக்கப்படும் எண் பெரிதாகிறது, விடையோ சிறிதாகிறது. இல்லாத குளிர்ச்சி ஒன்று இவ்வாறு கணக்கில் நுழைந்தது. இதனைத் திருத்தியபோது, 1979 முதல் 1995 வரை பத்தாண்டுக்கு 0.05 பாகை குளிர்வதாகக் காட்டிய கணக்கு, 0.07 பாகை வெப்பமடைவதாக மாறியது. ஸ்பென்சரும் கிறிஸ்டியும் இப்பிழையை ஏற்றுக்கொண்டனர். எனினும் எதிர்த்திசையில் இழுக்கும் வேறு சில பிழைகளையும் அவர்கள் கண்டறிந்திருந்ததால், அவர்களது கணக்கில் ஏற்றம் சிறிதாகவே இருந்தது.

சிக்கல் அத்துடன் தீரவில்லை. செயற்கைக்கோள் ஓரிடத்தைக் கடக்கும் நேரமும் ஆண்டுதோறும் மெல்ல நழுவியது. முதலாண்டில் பிற்பகல் இரண்டு மணிக்கு அளந்த ஊரைச் சில ஆண்டுகள் கழித்து மாலை நெருங்கும்போது அளந்தால், அவ்வூர் குளிர்ந்துவிட்டதாகத் தோன்றாதா? இதற்கும் திருத்தம் செய்திருந்தனர். ஆனால் 2005இல் கார்ல் மியர்ஸும் வென்ட்ஸும் அத்திருத்தத்தையே ஆராய்ந்தபோது, வெப்பமண்டலப் பகுதியில் அது தவறான திசையில் செய்யப்பட்டிருந்ததைக் கண்டனர். கூட்ட வேண்டிய இடத்தில் கழித்தது போன்ற பிழை அது! ஸ்பென்சரும் கிறிஸ்டியும் மறுக்காமல் ஒப்புக்கொண்டு, கணக்கை மாற்றி வெளியிட்டனர். பத்தாண்டுக்கு ஏறத்தாழ 0.09 பாகை என்றிருந்த ஏற்றம் 0.12 பாகையாக உயர்ந்தது. எண்ணில் இது சிறிய மாற்றமே. ஆனால் தரைக்கும் விண்ணுக்கும் இடையே இருந்த முரண்பாட்டில் ஒரு பகுதியை இது நீக்கியது.

2002இல் ஏவப்பட்ட அக்குவா செயற்கைக்கோள், தன் எரிபொருளைச் செலவிட்டு அவ்வப்போது பாதையைத் திருத்திக்கொண்டது. அதனால் நிலநடுக்கோட்டை அது பல ஆண்டுகள் பிற்பகல் ஒன்றரை மணி அளவிலேயே கடந்து வந்தது.

பயிற்சி

1. விண்ணில் உள்ள கருவிக்கு 'எடைக்கற்கள்' எனப்படுபவை எவை?
2. செயற்கைக்கோள் கீழிறங்கியதால் பொய்யான குளிர்ச்சி தோன்றியது எவ்வாறு? படம் வரைந்து விளக்குக.
3. அளவீட்டின் நேரம் நழுவினால் என்ன பிழை நேரும்? காலையிலும் நண்பகலிலும் வீட்டு மாடித் தரையைத் தொட்டுப் பார்த்து, உம் சொந்த நடையில் எழுதுக.
4. 'சுழியம்', 'உராய்வு', 'முரண்பாடு' ஆகிய சொற்களைத் தனித்தனி வாக்கியங்களில் அமைத்து எழுதுக.